கண்ணாடியும் பீரங்கியும்

ஒரகடம் சந்திப்பில் அதிகாலை ஐந்தரை மணிக்கு நின்றால், முதல் முறை வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நாற்புறமிருந்தும் பேருந்துகள் வந்து சேர்வதைக் காணலாம். எதிர்த்திசையில், புதிய கார்களை இரண்டடுக்காகச் சுமந்த நீண்ட வண்டிகள் துறைமுகம் நோக்கிப் புறப்படுகின்றன. ஒருநாள் பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், உடன் நின்ற ஓர் இளைஞர் நம் கையிலிருந்த நூலின் அட்டையைப் பார்த்து, "ஐயா, போர்க்கப்பல் படம் போட்ட புத்தகத்தைக் கடல் இல்லாத ஊரில் படிக்கிறீர்களே?" என்றார். சிரித்துக்கொண்டோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. திருப்பெரும்புதூருக்கும் கடலுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர் தொலைவு இருக்கலாம். ஆனால் இந்த வட்டாரத்தின் கதைக்கும் போர்க்கப்பலின் கதைக்கும் இடையே அவ்வளவு தொலைவு இல்லை என்பதே நம் எண்ணம்.

திருப்பெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் செயின்ட் கோபெய்ன் கண்ணாடித் தொழிற்சாலையை அவ்வழியே செல்வோர் அறிவர். அந்நிறுவனத்தின் வேர் மிகப் பழையது. 1665ஆம் ஆண்டு, பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், முகம்பார்க்கும் கண்ணாடிகளுக்காக வெனிசு நகருக்குத் தம் நாட்டுப் பொன் வெளியேறுவதைப் பொறாமல், அரச ஆணையின் பேரில் ஒரு கண்ணாடிச் சாலையைத் தொடங்கினார். வெனிசின் கைவினைஞர்களை ஆசைகாட்டி வரவழைத்தார். வெர்சேல்சு அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடி மண்டபத்துக்கு ஆடிகளைச் செய்து தந்தது அச்சாலைதான். பின்னாளில் செயின்ட் கோபெய்ன் என்னும் சிற்றூரில் நிலைகொண்டு, அவ்வூரின் பெயரையே பெற்று, மூன்றரை நூற்றாண்டுகள் கழித்தும் உயிரோடிருக்கிறது.

அதே கோல்பேர்தான் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்றுவித்தார். பத்தாண்டுகளில் அக்கம்பெனி புதுச்சேரியில் காலூன்றியது. அதே கோல்பேர்தான் பிரான்சின் கடற்படையையும் ஏறத்தாழ வெறுமையிலிருந்து கட்டியெழுப்பினார். கப்பலுக்கு மரம் வேண்டுமென்று 1669இல் காடுகளுக்கென ஒரு சட்டம் இயற்றினார். திரோன்சே என்னும் காட்டில் ஓக் மரங்களை வளர்க்க ஏற்பாடு செய்தார். ஓக் மரம் கப்பலுக்கு ஆகும் பருவத்தை எட்ட நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகள் ஆகும். தம் கொள்ளுப்பேரனுக்கும் பேரனாகப் பிறக்கப்போகும் ஒருவன் போர் புரிவதற்காக மரம் நட்ட அமைச்சரின் தொலைநோக்கை வியப்பதா, அஞ்சுவதா என்று நமக்குத் தெரியவில்லை. அம்மரங்கள் முதிர்ந்தபோது கப்பல்கள் இரும்பால் செய்யப்படலாயின. திரோன்சே ஓக் மரங்கள் இன்று திராட்சை இரசப் பீப்பாய்களாகின்றன.

கோல்பேரின் காலத்துக்கு முன் கடற்போர் வேறு விதமாக நடந்தது. நம் வாசகர்கள் நன்கறிந்த லெப்பாந்தோ போர் அதற்குச் சான்று. 1571 அக்டோபர் 7ஆம் நாள் கிரேக்கக் கடலோரம் நடந்த அப்போரின் நினைவாகவே செபமாலை அன்னையின் திருநாளை அக்டோபர் 7இல் கொண்டாடுகிறோம். வெற்றிக்காகத் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் கிறித்தவ உலகைச் செபமாலை சொல்லத் தூண்டியதை நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். ஆனால் அக்கப்பல்களைச் செலுத்தியவர் யார் என்பதை நமக்கு எவரும் சொன்னதில்லை. இரு தரப்பிலும் துடுப்பு வலித்தவர்களுள் மிகப் பலர் விலங்கிடப்பட்ட அடிமைகளும் தண்டனைக் கைதிகளுமே. துருக்கியக் கப்பல்களில் கிறித்தவ அடிமைகள். கிறித்தவக் கப்பல்களில் முகமதிய அடிமைகள். வெற்றிக்குப்பின் ஆயிரக்கணக்கான கிறித்தவர் விலங்கு களையப்பெற்றனர் என்பது மெய். அன்றே மற்றும் பலர் விலங்கு பூண்டனர் என்பதும் மெய்.

துடுப்புக் கப்பலின் பக்கவாட்டில் ஆட்களும் துடுப்புகளும் நிறைந்திருக்கும். ஆதலின் பீரங்கிகளைக் கப்பலின் முகப்பில் மட்டுமே வைக்க இயலும். துடுப்பை நீக்கிக் காற்றை நம்பிய பெரும் பாய்மரக் கப்பல்களிலோ, பக்கச் சுவரில் துளையிட்டு, மூடியிட்டு, அடுக்கடுக்காகப் பீரங்கிகளை நிறுத்தலாயினர். பீரங்கி பக்கவாட்டில் சுடுமாயின் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் செல்வதே முறை. இல்லையேல் தன் பக்கத்துக் கப்பலையே சுட நேரும். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் தமக்குள் நிகழ்த்திய போர்களில் இம்முறை உறுதிப்பட்டது. அந்தக் கோட்டில் நிற்கும் வலிமையுள்ள கப்பல் எதுவோ அதுவே 'அணிக்கப்பல்'. பின்னாளில் 'பாட்டில்ஷிப்' என்று ஆங்கிலேயர் வழங்கிய பெயருக்கும் மூலம் இதுவே. சிறிய கப்பல்கள் தூது செல்லலாம், வேவு பார்க்கலாம். அணியில் நிற்க அவற்றுக்கு இடமில்லை.

அக்கப்பல்களுக்கு இட்ட பெயர்களையும் நோக்க வேண்டும். 1805இல் டிரபால்கர் போரில் பங்கேற்றவற்றுள் மிகப் பெரியது 130க்கும் மேற்பட்ட பீரங்கிகளைச் சுமந்த இசுபானியக் கப்பல். அதன் பெயர் 'மிகத் தூய திரித்துவம்'. இங்கிலாந்தின் ஜான் ஹாக்கின்சு 1564இல் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்து அமெரிக்கக் கரையில் விற்கச் சென்றபோது ஏறிய கப்பலின் பெயர் 'லூபெக்கின் இயேசு'. இதற்கு நாம் விளக்கம் எதுவும் எழுதப்போவதில்லை.

இனி நம் கரைக்கு வருவோம்.

சோழமண்டலக் கரையின் பெருங்குறை, அதற்கு இயற்கைத் துறைமுகம் இல்லாமையே. சென்னையாயினும் புதுச்சேரியாயினும் கடலூராயினும், கப்பல்கள் கரைக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சென்று சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கின. ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் எந்தப் பெருங்கப்பலும் இங்கே நிற்கத் துணியாது. ஆங்கிலேயர் பம்பாய்க்குப் போவர். பிரெஞ்சுக்காரர் மொரீசியசுக்குப் போவர். இரு நாட்டுக் கப்பற்படைகளும் இவ்வாறு ஆண்டுதோறும் வந்து மோதிவிட்டுப் போயின. 1746இல் பிரெஞ்சுக் கப்பல்கள் சென்னையையே கைப்பற்றின. 1758, 1759ஆம் ஆண்டுகளில் மட்டும் கடலூர், நாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய ஊர்களின் எதிரே மூன்று போர்கள் நிகழ்ந்தன. திருகோணமலைத் துறைமுகத்தின்மீது அனைவரும் கண்வைத்ததற்குக் காரணம், பருவக்காற்றுக்கும் புயலுக்கும் அஞ்சாமல் கப்பல் நிற்கக்கூடிய இடம் இப்பகுதியில் அது ஒன்றே என்பதுதான்.

ஆனால் நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது 1782ஆம் ஆண்டைப் பற்றியே. இரண்டாண்டுகளுக்கு முன், 1780 சூலையில், ஹைதர் அலி பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியிருந்தார். பரங்கிமலையிலிருந்து புறப்பட்ட மன்றோவின் படை காஞ்சிபுரத்தில் காத்து நின்றது. வடக்கேயிருந்து வந்த பெய்லியின் படை அதனோடு சேர முயன்றது. சேர இயலவில்லை. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். இன்று கார்களும் இருசக்கர வண்டிகளும் உருவாகும் இந்த நிலப்பரப்பைச் சுற்றியே அப்படைகள் அலைந்தன. போகும் படைக்கும் வரும் படைக்கும் வைக்கோலும் நெல்லும் மாடும் ஊர்மக்கள்தாம் தர வேண்டும். தராவிடில் எடுத்துக்கொள்வர். எடுத்தபின் பகைவனுக்குக் கிடைக்கலாகாது என்று எஞ்சியதை எரிப்பர். செங்கல்பட்டுச் சீமை இவ்வாறு பாழானது. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஆட்சியராயிருந்த லயனல் பிளேசு, ஏரிகளைச் செப்பனிட்டு மக்களை மீண்டும் குடியேற்ற முற்பட வேண்டியிருந்தது.

நிலத்தில் வென்ற ஹைதருக்குக் கடலில் துணை வேண்டியிருந்தது. கடல்வழியாக அரிசியும் ஆட்களும் வந்துகொண்டிருக்கும்வரை சென்னைக் கோட்டையைப் பட்டினி போட முடியாது. அத்துணை பிரான்சிலிருந்து வந்தது. அதன் தலைவர் சுஃப்ரென். புனித யோவானின் மால்டா வீரர் சபையைச் சேர்ந்தவர் அவர். பருத்த உடலினர், உடையில் கவனமற்றவர், கடுஞ்சினத்தவர். போர்முறையில் அந்நாளில் அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே என்று அவரை எதிர்த்த நாட்டினரே எழுதினர். எதிரே நின்றவர் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூசு. இருவர் ஏறியிருந்தவையும் 74 பீரங்கிக் கப்பல்கள். ஒன்றின் பெயர் 'வீரன்', மற்றதன் பெயர் 'மாண்புமிக்கது' எனத் தமிழில் சொல்லலாம்.

74 பீரங்கிக் கப்பல் என்றால் என்னவென்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அதைக் கட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் முதிர்ந்த ஓக் மரங்கள் வேண்டும். இரண்டு முழு அடுக்குகளில் பீரங்கிகள். கீழடுக்கில் நிற்பவை, ஆங்கிலக் கப்பலாயின் 32 இராத்தல் குண்டை எறியும். அதாவது பதினான்கரைக் கிலோ இரும்பு. ஒவ்வொரு பீரங்கியும் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. சுட்டவுடன் பின்னோக்கிப் பாயும். கயிற்றால் இழுத்து மீண்டும் முன்னே கொணர வேண்டும். கப்பல் முழுவதிலும் அறுநூறு எழுநூறு பேர். நிமிர்ந்து நிற்க இயலாத அந்த அடுக்கில், அவர்களுள் பலர் புகையிலும் இருளிலும் உழைத்தனர். குண்டு கப்பற்சுவரைத் துளைத்து வருகையில், குண்டைவிட அதிகம் பேரைக் கொன்றவை சிதறிப் பறக்கும் மரச் சிம்புகளே. தளத்துக்கு மணல் தூவி வைப்பர். குருதியில் கால் வழுக்காதிருக்க.

1782 பிப்ரவரி 17ஆம் நாள் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே முதல் மோதல். பிரெஞ்சுக்காரரிடம் பன்னிரண்டு அணிக்கப்பல்கள், ஆங்கிலேயரிடம் ஒன்பது. சுஃப்ரென் பழைய முறையைக் கைவிட்டு, ஆங்கில வரிசையின் பின்பகுதியை மட்டும் இருபுறமும் சூழ்ந்து நசுக்க நினைத்தார். அவருடைய கப்பல் தலைவர்களில் சிலரோ ஆணையை உணர்ந்திலர், அல்லது உணர்ந்தும் செய்திலர், தொலைவிலேயே நின்றுவிட்டனர். 'எக்சிடர்' என்னும் ஆங்கிலக் கப்பல் உருக்குலைந்தது. அதன் தலைவர் ரெனால்ட்சு மேல்தளத்திலேயே வீழ்ந்தார். இருட்டியதும் இரு படைகளும் பிரிந்தன. வென்றவர் எவருமில்லை.

பின்னர், ஏப்ரல் 12இல் இலங்கையின் கீழ்க்கரையில். சூலை 6இல் நாகப்பட்டினத்தின் எதிரே. செப்டம்பர் 3இல் திருகோணமலையின் எதிரே. ஒவ்வொன்றிலும் மிகப் பலர் இறந்தனர். ஒவ்வொரு முறையும் கொடிமரங்கள் முறிந்தன. சிறு கப்பல்களின் மரங்களைப் பிடுங்கிப் பெருங்கப்பல்களுக்கு நட்டுச் சுஃப்ரென் மீண்டும் கடலேறினார். இவற்றுள் எப்போரிலும் ஓர் அணிக்கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவுமில்லை. மனிதர் மட்டுமே தீர்ந்துபோயினர்.

நாகப்பட்டினப் போருக்குப்பின் அந்தச் சூலை இறுதியில் ஹைதர் அலியும் சுஃப்ரெனும் கடலூரில் சந்தித்தனர். பருத்த உடலினரான சுஃப்ரென் தரையில் சம்மணமிட்டு அமர இயலாது திணறியதைக் கண்ட ஹைதர், மரியாதை முறைகளைப் பாராட்ட வேண்டாம், வசதிப்படி அமருங்கள் என்று மெத்தைகளைத் தருவித்ததாகக் கூறுவர். இனிய காட்சி. ஆனால் அதே நாள்களில்தான் சுஃப்ரென், தம் கப்பல்களில் பிடித்து வைத்திருந்த ஆங்கிலக் கைதிகளுக்கு உணவளிக்க இயலாமல், சில நூறு பேரை ஹைதரிடம் ஒப்படைத்தார். அவர்கள் மைசூர்ச் சிறைகளுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. சுஃப்ரெனைப் போற்றுவோரும் இதைக் கடக்கையில் குரலைத் தாழ்த்திக்கொள்வர்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஹியூசு பம்பாய்க்குப் புறப்பட்ட வேளையில் சென்னையைப் பெரும்புயல் தாக்கியது. கரைக்கு வெளியே அரிசியுடன் நின்ற கப்பல்கள் பல அழிந்தன. உள்நாடு எரிந்து கிடக்க, ஊர்களைவிட்டு ஓடிவந்த மக்கள் சென்னைத் தெருக்களில் நிறைந்திருந்த காலம் அது. பஞ்சத்தில் இறந்தோரைப் புதைக்க ஆளின்றிப் போனது. கடற்போர் நூல்களில் இது அரைப் பக்கம். அணிக்கப்பலின் வரலாற்றை எழுதுவோர், அது சுட்டு வீழ்த்தியவர்களை எண்ணுகின்றனர். அது தடுத்து நிறுத்திய அரிசியால் இறந்தவர்களை எண்ணுவதில்லை.

ஹைதர் அலி 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த பாசறையில் மறைந்தார். போர் நிற்கவில்லை. 1783 சூன் மாதம் கடலூரில் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். ஹியூசு பதினெட்டு அணிக்கப்பல்களுடன் வந்து நின்றார். அவருடைய மாலுமிகள் பலர் ஈறு அழுகும் நோயால் வாடினர், குடிநீர் குறைந்திருந்தது. சுஃப்ரெனிடம் பதினைந்தே கப்பல்கள், ஆட்களும் போதவில்லை. எனவே கரையிலிருந்து 1,200 வீரர்களைக் கடனாகப் பெற்றுப் பீரங்கிகளருகே நிறுத்தினார். அவர்களுள் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். கடற்போர் இன்னதென்று அறியாத அச்சிப்பாய்கள் அந்தக் கீழடுக்கில் எவ்வாறு நின்றிருப்பர் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. சூன் 20ஆம் நாள் மாலை மூன்று மணி நேரம் சுட்டுக்கொண்டனர். ஒவ்வொரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர். நானூறு பேரளவில் காயமுற்றனர்.

சில நாள் கழித்து, சமாதானக் கொடியுடன் 'மீடியா' என்னும் சிறுகப்பல் கடலூருக்கு வந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் போரை நிறுத்த ஒப்பி, முன்னுடன்படிக்கையில் கையொப்பமிட்டுவிட்டன என்பது அது கொணர்ந்த செய்தி. கையொப்பமிட்ட நாள் 1783 சனவரி 20. அதாவது கடலூரில் குண்டு முழங்கியபோது சமாதானத்துக்கு வயது ஐந்து மாதம். கையொப்பமிட்ட இடம் வெர்சேல்சு. கோல்பேரின் கண்ணாடிச் சாலை ஆடி செய்து தந்த அதே வெர்சேல்சு. பேரொலி எழுப்பிச் சுடக்கூடிய கப்பல் அன்று இருந்தது. 'நிறுத்துக' என்னும் ஒரு சொல்லை விரைவாகக் கொணரக்கூடிய கருவி அன்று இல்லை. இறந்த இருநூறு பேரும் எந்தப் போரில் இறந்தார்கள் என்று நாம் சொல்வது?

இதன்பின் மரக்கப்பலின் காலம் நீண்டிருக்கவில்லை. பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பற்கலைஞர்கள் ஆங்கிலேயருக்காகத் தேக்கில் அணிக்கப்பல்களைக் கட்டினர். 1813இல் அவர்கள் கட்டிய 'கார்ன்வாலிசு' என்னும் 74 பீரங்கிக் கப்பலின் மேல்தான் 1842இல் சீனம் நான்கிங் உடன்படிக்கைக்குப் பணிந்தது. அபினிப் போரின் முடிவு அது. வெடிக்கும் குண்டுகள் வந்தபின் மரச்சுவர் பயனற்றுப் போயிற்று. 1859இல் பிரான்சு இரும்புக்கவசமிட்ட கப்பலை மிதக்கவிட்டது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து முழுவதும் இரும்பாலான 'வாரியர்' கப்பலை மிதக்கவிட்டது. பாய்மரம் போய் நீராவி வந்தது. சுழலும் கோபுரத்தில் பீரங்கி ஏறியது. 1906இல் இங்கிலாந்தின் 'டிரெட்நாட்' வந்தது. 'எதற்கும் அஞ்சாதது' என்பது பொருள். பன்னிரண்டு அங்குல வாயுள்ள பத்துப் பீரங்கிகள், சுழலி இயந்திரம், மணிக்கு 21 கடல்மைல் வேகம். அது தோன்றிய நாளில் உலகத்துப் பழைய போர்க்கப்பல்கள் யாவும் ஒரே நாளில் கிழடாயின. இங்கிலாந்தின் கப்பல்களும் அதற்கு விலக்கல்ல. தன் செல்வம் முழுவதையும் தானே மதிப்பிழக்கச் செய்து, மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கிய அந்தப் போட்டி, 1914இல் எங்கே போய் முடிந்தது என்பதை அறிவோம்.

அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஒன்பதரை மணியளவில், சென்னைத் துறைமுகத்தின் எதிரே 'எம்டன்' வந்து நின்றது. அது போர்க்கப்பல் வரிசையைச் சேர்ந்ததன்று. 3,600 டன் எடையுள்ள சிறு விரைவுக் கப்பல். டிரெட்நாட்டின் எடையில் ஐந்திலொரு பங்கு. அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை எரித்துவிட்டு மறைந்தது. நகர மக்கள் ஆயிரக்கணக்கில் இரயிலேறி உள்நாட்டுக்கு ஓடினர். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இன்றும் உள்ளது. அக்கப்பல் நவம்பர் 9இல் கோக்கசுத் தீவில் ஆத்திரேலியக் கப்பலால் அழிக்கப்பட்டது. பெயர் மட்டும் அழியவில்லை. கெட்டிக்காரனையும் கண்டிப்பானவனையும் 'அவன் எம்டன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். தன் அரண்களையெல்லாம் அதிரவைத்த பகைவனின் பெயரைப் பாராட்டாக்கிக்கொண்ட மொழி நம்முடையது!

எம்டனை அனைவரும் அறிவர். 'மலாயா' என்னும் போர்க்கப்பலைத் தமிழர் எத்தனை பேர் அறிவர்? 1915இல் மிதக்கவிடப்பட்ட அது, பதினைந்து அங்குலப் பீரங்கிகள் எட்டைச் சுமந்த மாபெரும் கப்பல். அதன் விலை ஏறத்தாழ 29 இலட்சம் பவுன். அதை இங்கிலாந்துக்கு வாங்கித் தந்தது, கூட்டு மலாய் நாடுகளின் அரசு. அந்த அரசுக்கு வருவாய் எங்கிருந்து வந்தது? ஈயச் சுரங்கத்திலிருந்தும் இரப்பர்த் தோட்டத்திலிருந்தும். இரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் யார்? சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிச் சென்ற நம் சிற்றூர் மக்கள். 1916 மே 31இல் ஜட்லந்துப் போரில் மலாயா அடிபட்டுத் தீப்பற்றி எரிந்தது. அந்த எஃகுத் தகட்டில் தங்கள் உழைப்பும் ஒட்டியிருந்தது என்பதைத் தோட்டத்து மக்களிடம் எவரேனும் சொல்லியிருப்பார்களா? கணக்கில் அவர்கள் பெயர் வாராது. ஆயினும் கூலியில் குறைந்த ஒவ்வொரு காசும் எங்கோ ஓரிடத்தில் சேரத்தான் செய்கிறது.

அம்மக்களைக் காக்க அடுத்த போரில் வந்தவை 'பிரின்சு ஆஃப் வேல்சு', 'ரிப்பல்சு' என்னும் இரு பெருங்கப்பல்கள். 1941 டிசம்பர் 10ஆம் நாள் மலாயாவின் கீழ்க்கரைக்கு அப்பால் சப்பானிய விமானங்கள் அவ்விரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, காட்டிலே மடிந்தனர். அடுத்த ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறு காலையில், கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. இந்துமாக்கடலில் ஆங்கிலேயர் வைத்திருந்த பழைய போர்க்கப்பல்கள் நான்கும் ஆப்பிரிக்கக் கரைக்கு விலக்கிக்கொள்ளப்பட்டன. சென்னை மீண்டும் காலியாயிற்று. மூட்டை முடிச்சுகளுடன் காஞ்சிபுரம் சாலையில் நடந்தவர்களுள் நம்மில் சிலரின் தாத்தா பாட்டியரும் இருந்திருக்கக்கூடும்.

உலகிலேயே மிகப்பெரிய போர்க்கப்பலான சப்பானின் 'யமாட்டோ', பதினெட்டு அங்குலப் பீரங்கிகளுடன், எழுபதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையுடன், 1945 ஏப்ரல் 7இல் விமானங்களால் மூழ்கியது. அந்த இனத்தில் கடைசியாகப் போரில் சுட்டவை 1991 வளைகுடாப் போரின் அமெரிக்கக் கப்பல்கள். 'மிசெளரி' 1992 மார்ச்சு 31இல் பணி ஓய்வு பெற்றது. இன்று எந்நாட்டுக் கடற்படையிலும் அவ்வகைக் கப்பல் பணியில் இல்லை, எஞ்சியவை காட்சிசாலைகளே. பள்ளிப்பிள்ளைகள் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியே சென்றால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சதுரங்கப்பட்டினம் வந்துவிடும். சென்ற முறை நாம் சென்றது ஓர் ஓய்வு நாளின் பிற்பகல். ஒல்லாந்தர் கோட்டையின் செங்கற் சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். சித்திர வேலைப்பாடமைந்த அக்கற்களில் எழுத்து இன்னும் மங்கவில்லை. சுவரின்மேல் நின்று 1782இன் கப்பல்கள் எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று சுட்டிக்காட்ட முயன்றோம். உடன்வந்த சிறுவர்களுக்கு அதில் நாட்டமில்லை. அவர்கள் வடபுறம் தெரிந்த உயர்ந்த கட்டடங்களைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையம் என்றோம். 1984 முதல் மின்சாரம் தருகிறது என்றோம். அதே வளாகத்தில்தான், அணுவிசையால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கான உலையின் முன்மாதிரி நிலத்திலேயே அமைத்து இயக்கிப் பார்க்கப்பட்டது; 2009இல் அரசு அதை வெளியிட்டது. அவ்வாண்டு சூலை 26இல் 'அரிகந்த்' விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது. அணிவகுத்து நிற்காத, கண்ணுக்கே தெரியாத கப்பல். சிறுவர்கள் அதற்குள் மணலுக்கு இறங்கி ஓடிவிட்டிருந்தார்கள். கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன, மீன் வாங்க நாமும் இறங்கினோம்.